வெயிலில் இறக்கை விரித்துக் கிடக்கும் ஆந்தைக்கு நோயா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்துக்குத் தெற்கே உங்கள் தோட்டத்து மொட்டைப் பனையின் பொந்தில் இரண்டு சிறிய ஆந்தைகள் குடியிருக்கின்றன. பத்து நாட்களாக அவற்றின் போக்கு மாறியிருக்கிறது. ஒன்று உச்சி வெயிலில் இறக்கையை விரித்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி கிடக்கிறது. உங்களைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. நேற்று எதையோ கக்கியது. பொழுது சாய்ந்தால் ஓயாமல் கத்துகின்றன. அப்பத்தா சாக்குருவி என்று சொல்லி மரத்தையே வெட்டச் சொல்கிறார். இது நோயா, பிடித்து யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மோட்டார் அறைத் திண்டில் வெள்ளை ஆந்தை ஒன்று இரண்டு நாளாகப் பகலிலும் உட்கார்ந்திருக்கிறது, நாய் பக்கத்தில் போனாலும் பறப்பதில்லை, நன்றாகப் பழகிவிட்டது என்று.

என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரி ஒன்றுதான். பனைமர ஆந்தைகளைப் பற்றி ஆற அமரப் பேசலாம். மோட்டார் அறைக்கு இப்போதே போய்ப் பாருங்கள்.

நீங்கள் வெள்ளை ஆந்தை என்று சொல்வது கூகை. வட்டமான வெண்முகம், கரிய கண்கள், பொன்னிற முதுகு. காட்டுக் கூகை இரண்டு நாளில் மனிதரோடு பழகாது. கூரைக்கடியில் இருட்டு மூலையிலோ, கோபுரத்திலோ, கிணற்றுச் சுவரின் பொந்திலோ அது பகலெல்லாம் அசையாமல் இருப்பது இயல்பு. வெளிச்சம் விழும் திண்டில், நாய்க்கு எட்டும் உயரத்தில் அது உட்கார்ந்திருப்பது இயல்பாகத் தெரியவில்லை. பதினைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி உங்களைத் தொடர்கிறதா? உடலைத் தாழ்த்தி, இறக்கையைக் குடையாக விரித்து, தலையைத் தரையோரமாக இப்படியும் அப்படியும் வீசிச் சீறுகிறதா? அப்படிச் செய்தால் அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கண்ணைப் பாதி மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு, இறகை உப்பிக்கொண்டு, உங்களைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருந்தால் அது பிழைக்கப் போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் ஒரு அட்டைப் பெட்டியில் காற்றுத் துளைகள் இட்டு, அடியில் பழைய துணி விரியுங்கள். தடிமனான துண்டைக் கூகையின் மேல் போர்த்தி, கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். அலகைவிட நகங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். பெட்டியை மூடி, சத்தமில்லாத இருட்டறையில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பால், சோறு, கறி எதையும் கொடுக்க வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழந்தைகள் எட்டிப் பார்க்க வேண்டாம். மருத்துவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ அண்மையில் எலி மருந்து வைத்தார்களா என்பதை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளகோவில் பக்கத்தில் உறவினர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாளையின் (தோட்டத்து வீட்டின்) முன் சுவரில், முற்பகல் பதினொரு மணிக்கு, ஒரு கூகை உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஆறடி தூரத்தில் நின்று பார்த்தார்கள். நான் அப்போதே பத்து வருடமாகப் பறவை பார்க்கிறவன். "பயமில்லாமல் இருக்கிறது பாருங்கள், எவ்வளவு சாது" என்று பிள்ளைகளுக்கு நானே சொன்னேன். படமும் எடுத்தேன். மாலை நான்கு மணிக்கு அது சுவரிலிருந்து சரிந்து விழுந்தது. கையில் எடுத்தபோது வாயோரத்தில் ரத்தம் கசிந்திருந்தது, வாய்க்குள் வெளுத்துப்போயிருந்தது. அதற்கு முந்தைய வாரம் பக்கத்துத் தோட்டத்தில் தென்னைகளின் உச்சியில் புரோமடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டிகளை வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்து மணி நேரம் என் கண் முன்னால் உயிர் போய்க்கொண்டிருந்ததை நான் சாது என்று படித்தேன். அன்றிலிருந்து, காட்டுப் பறவை ஒன்று என்னைக் கண்டு சும்மா இருந்தால் முதலில் சந்தேகப்படுகிறேன்.

அந்த மருந்து ரத்தம் உறையாமல் செய்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத எலியைக் கூகை எளிதாகப் பிடிக்கும். எலியின் ஈரலில் தங்கியிருக்கும் நஞ்சு கூகைக்குள் போய்ச் சேரும். ஒரு எலியோடு நிற்காமல் இரண்டு மூன்று தின்றால் கூகைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். நேரத்தோடு மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. இது தவிர வேறு காரணங்களும் உண்டு. புறாவைத் தின்ற கூகைக்கு வாய்க்குள் மஞ்சள் கட்டி படரும் நோய் வரும். அதனால் விழுங்க முடியாமல் மெலியும். சாலையோரத்தில் எலி பிடிக்கத் தாழப் பறந்து வண்டியில் அடிபட்டவை தலையை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு வட்டமடிக்கும். சேலம் – கோவை நெடுஞ்சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

இனி பனைமரத்துக்கு வருகிறேன். அங்கே இருப்பவை புள்ளி ஆந்தைகள். மைனாவைவிடக் கொஞ்சம் கட்டையாக, ஒரு சாண் உயரத்தில், சாம்பல் கலந்த பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் மஞ்சள் கண்களுமாக இருக்கும். நீங்கள் சொன்ன நான்கும் இவற்றின் அன்றாட வேலைகள். நீங்கள் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெயிலில் கிடப்பதை முதன்முதலில் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு பதறும். செத்துவிட்டது என்றே தோன்றும். இறகிடுக்கில் இருக்கும் பேன், உண்ணி போன்றவற்றை வெயிலின் சூடு கலைக்கிறது. அலகால் கோதி எடுப்பது அப்போது எளிதாகிறது. வாயைத் திறந்து வைத்திருப்பது உடல் சூட்டைத் தணிக்க. சாகக் கிடக்கும் பறவைக்கும் வெயில் காயும் பறவைக்கும் வேறுபாடு கண்டுபிடிக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். சிறிது நேரத்தில் அது எழுந்து உடலை உதறி, இறகு கோதத் தொடங்கும். ஒரு வல்லூறு மேலே போனால் நொடியில் பொந்துக்குள் மறையும். நோயுற்றது அப்படிச் செய்யாது.

தலையாட்டுவதற்குக் காரணம் கண். ஆந்தையின் விழி நம்முடையதைப் போல் உருண்டையாக இல்லை, குழல் போல நீண்டது, குழிக்குள் அசையாது. ஓரக்கண்ணால் பார்க்க அதனால் முடியாது. அதற்குப் பதிலாகக் கழுத்து இருக்கிறது. நமக்குக் கழுத்தில் 7 எலும்புகள் என்றால் அதற்கு 14. முகத்தை ஏறத்தாழ 270 பாகை திருப்பும். நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று அளக்க அது தலையை ஏற்றி இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, ஒரே பொருளைப் பல கோணங்களில் பார்க்கிறது. நாமே ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தைக் கணிக்க முயன்றால் தலையை அசைப்போம். ஆட்டம் வேகமானால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் வாருங்கள்.

கக்கியது பற்றி எனக்கு மகிழ்ச்சி. ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும். கரையாத எலும்பு, மயிர், வண்டின் ஓடு எல்லாம் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரம் கழித்து வாய் வழியாக வெளியே வரும். அதற்கு முன் அது கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, தலையை உதறி, பார்க்கவே பாவமாக இருக்கும். கீழே விழுந்த உருண்டையை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். புள்ளி ஆந்தையின் உருண்டையில் பெரும்பாலும் வண்டுக் கால்களும் பூச்சி ஓடுகளும், சிலநேரம் பல்லி எலும்பும் கிடைக்கும். கூகையின் உருண்டை கட்டைவிரல் அளவு கருப்பாக, மெழுகு பூசியது போல மினுங்கும். நான் பிரித்த ஒன்றில் மூன்று சுண்டெலி மண்டைகள் முழுதாக இருந்தன. உங்கள் மோட்டார் அறைக்கடியில் பழைய உருண்டைகள் கிடந்தால் அந்தக் கூகை எத்தனை நாளாக அங்கே தங்குகிறது, எப்போது இரை தின்பதை நிறுத்தியது என்பதைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு எடுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பத்து நாட்களாக மாறியிருக்கிறது என்கிறீர்களே, அதற்கு என் ஊகம்: பொந்துக்குள் குஞ்சு இருக்கிறது. நம் பக்கத்தில் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை இவற்றுக்கு இனப்பெருக்கக் காலம். குஞ்சு பொரித்தபின் இரவு வேட்டை போதாமல் பகலிலும் வெளியே வரும். உழுத காட்டில் கோழியைப் போல நடந்து வண்டு பொறுக்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது பாருங்கள், பறந்துகொண்டே காலால் பிடிக்கும். பொந்துக்காகக் கிளியோடும் மைனாவோடும் சண்டை நடக்கும். தவிட்டுக்குருவியும் கரிச்சானும் அணிலும் சூழ்ந்து நின்று கத்தினால் அது ஆந்தைக்கு அன்றாடத் தொல்லை. கூகையைக் காக்கை பகலில் வென்றுவிடும் என்று வள்ளுவரும் உவமை காட்டியிருக்கிறார்.

இன்னும் சில நாட்களில் நீங்கள் என்னிடம் கேட்கப்போகும் அடுத்த கேள்வியையும் இப்போதே சொல்கிறேன். பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு பனையடியில் நிற்கும். விழுந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகாதீர்கள். இறகு முளைத்த ஆந்தைக் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே பொந்தைவிட்டு வெளியேறிவிடும். அலகாலும் நகத்தாலும் பற்றி மரமேறும். கிளையில் குப்புறப் படுத்து முகத்தைத் தொங்கவிட்டுத் தூங்கும், ஏனென்றால் தலை கனம். தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருந்து இரை கொடுக்கும். பூனை, நாய் தொல்லை இருந்தால் மட்டும் துணியால் எடுத்து அருகிலுள்ள கிளையிலோ, மரத்தில் கட்டிய கூடையிலோ வையுங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பஞ்சுபோன்ற தூவி மட்டும் இருக்கும் கண் திறக்காத குஞ்சு என்றால் கதை வேறு. அதைப் பொந்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

கூகைக் குஞ்சுகளில் ஒன்று பெரியதாகவும் மற்றொன்று விரலளவாகவும் இருந்தால் அதுவும் நோயல்ல. முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் மூத்ததற்கும் இளையதற்கும் இரண்டு வாரம்கூட வயது வேறுபாடு இருக்கும். இரைக்குத் தட்டுப்பாடு வந்தால் மூத்தது இளையதைத் தின்பதும் நடக்கும். ஆனால் சுவிட்சர்லாந்தில் அலெக்சாண்டர் ரூலினும் அவரது குழுவினரும் ஆண்டுக்கணக்கில் கூகைகள் கூடுகட்ட வைத்த பெட்டிகளைக் கவனித்து வேறொன்றைக் கண்டார்கள்: தாய் வருவதற்கு முன்பே குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுத்து, யாருக்குப் பசி அதிகம் என்று பேசி முடிவு செய்துகொள்கின்றன; சில நேரம் மூத்தது தன் பங்கை இளையதற்கு ஊட்டுகிறது. இரண்டும் ஒரே பறவையின் இயல்பு. ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுக் கூகை கொடியது என்றோ அன்பானது என்றோ எழுதிவிட முடியாது.

அமெரிக்காவில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சாஸில் சிறிய மர ஆந்தை ஒன்று குருட்டுப் பாம்புகளை உயிரோடு கொண்டுவந்து கூட்டில் விடுவதைப் பார்த்தார்கள். குஞ்சுகள் அவற்றில் சிலவற்றைத்தான் தின்றன. மீதிப் பாம்புகள் கூட்டுக் குப்பைக்குள் புகுந்து அங்கேயே வாழ்ந்தன, புழுக்களைத் தின்றன. பாம்பு இருந்த கூட்டுக் குஞ்சுகள் விரைவாக வளர்ந்தன, அதிகமாகப் பிழைத்தன. 1987இல் இதை வெளியிட்டார்கள். முதல் பாம்பைப் பார்த்தவர் தப்பித்த இரை என்று நினைத்துக் கூட்டைவிட்டு நகர்ந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. எத்தனை பாம்பு, எந்தக் கூட்டில், எத்தனை நாள் என்று எண்ணினார்கள்.

உங்களையும் அப்படித்தான் எண்ணச் சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, வெயிலா மேகமா, காற்று, நிலவு. பறவை எங்கே இருந்தது, என்ன செய்தது, எத்தனை நிமிடம், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது. "கோபமாக இருந்தது" என்று எழுதாமல் "இறகை உப்பி, அலகை மூன்று முறை தட்டியது" என்று எழுதுங்கள். கண்டது இடப்பக்கம், நினைத்தது வலப்பக்கம். உங்களோடு மாடு மேய்க்கிறவர் பார்த்ததைச் சொன்னால் அது அவர் பார்த்தது என்று குறியுங்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாட்களையும் விடாமல் எழுதுங்கள். மாற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் மாறாத நாட்களின் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் எழுதினால் அந்த இரண்டு ஆந்தைகளுக்கும் எது வழக்கம் என்று எனக்கல்ல, உங்களுக்குத்தான் தெரியும்.

பார்க்கும் இடம் பனையிலிருந்து நாற்பது அடியாவது தள்ளி, இட்டேரி (வேலிகளுக்கு இடையே போகும் வண்டிப்பாதை) வேலியோரம் இருக்கட்டும். தினம் ஒரே இடம், ஒரே நேரம். நின்றிருக்கும் காருக்குள் இருந்து பார்ப்பது நடந்து போய்ப் பார்ப்பதைவிட நல்லது. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள். பிளாஷ் வேண்டாம். போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள் சிலர். குஞ்சை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும் பறவையைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்? வெள்ளோட்டுக்கும் நஞ்சராயன் குளத்துக்கும் போய்ப் பறவை பார்ப்பது நல்லதுதான். ஆந்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும் ஒரு கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், போதும். மாட்டுச் சாணத்து வண்டும் வெள்ளெலியும் அங்கே இருக்கும்வரை ஆந்தையும் இருக்கும். பாறைக்குழிகள் பக்கம் போனால் கொம்பன் ஆந்தை தரையிலேயே முட்டையிட்டிருக்கலாம். உங்கள் முன்னால் இறக்கை முறிந்ததுபோல அது தரையில் புரண்டால் பின்னால் போகாதீர்கள். கூட்டிலிருந்து உங்களை இழுத்துப் போக அது நடிக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பொந்து இருக்கும் இடத்தை மட்டும் எங்கேயும் பொதுவில் எழுத வேண்டாம். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கும் கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. தீபாவளியை ஒட்டி அது மும்முரமாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டதைக் காப்பாற்றினாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

அப்பத்தாவிடம் பேசுவது உங்களுக்குத்தான் கடினம். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று எடுத்தெறியாதீர்கள். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். பழைய நாளில் ஊரே இருட்டாக இருக்கும். சாகக் கிடப்பவர் இருக்கும் வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும், கூரையில் உட்கார்ந்து கத்தும். விடிந்தால் சாவு. இப்படித்தான் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இப்போது தெருவிளக்கு எல்லாவற்றிலும் ஆந்தை உட்காருகிறது. இதே கொங்கு நாட்டில் காடை, பனங்காடை, ஆந்தை என்று பறவைப் பெயரையே குலப்பெயராகத் தாங்கிய கூட்டங்கள் இருப்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். உருண்டையைப் பிரித்து, எலி மண்டையையும் நிலக்கடலைக் காட்டு வண்டின் ஓட்டையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டுங்கள். என் அத்தை ஒருவர் அதைப் பார்த்த பிறகுதான் தன் வீட்டுப் பின்னால் இருந்த மொட்டைப் பனையை வெட்ட வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

இன்று மாலை ஆறு மணிக்குள் கூகை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் எந்த மருந்து, எந்த நாள் வைத்தார் என்று கேளுங்கள். சண்டையாக வேண்டாம், மருத்துவருக்குத் தேவை என்று சொல்லிக் கேளுங்கள். அந்த மருந்தின் உறையை வாங்க முடிந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.